முன்வரிசையில் ஒரு முகம்

எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள் மேடம். போன வகுப்பில் மற்ற குழுக்களைப் பற்றி ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள். என் முறை வந்தபோது நான் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம், எனக்கோ அசதி. ஆனால் படி இறங்கும்போது மனசு கேட்கவில்லை. பஸ் டிரைவரின் குழுவுக்கும் பல் ஆஸ்பத்திரிப் பெண்ணின் குழுவுக்கும் நீங்கள் போட்ட மதிப்பெண் நியாயமில்லை. அதைத் திருத்தச் சொல்லத்தான் இன்று பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு முன்னாலேயே வந்தேன். நீங்கள் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டே கேளுங்கள், போதும்.

முதல் வாரமே நீங்கள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள். பேசப் போகிறவர் முன்வரிசையில் தனக்கென்று ஒருவரை உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். தடுமாறினால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் லேசாகத் தலையசைப்பார், பேச்சு மறுபடி ஓட ஆரம்பிக்கும். அதற்கு நங்கூரம் என்று பெயர் வைத்தீர்கள். கொஞ்ச நாளிலேயே வகுப்பில் பாதிப் பேருக்கு நான்தான் நங்கூரம்.

அதில் ஆச்சரியம் இல்லை. குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுன்டரில் உட்கார்ந்தே என் தலை நரைத்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் வருவார், வராத தண்ணீருக்கு எதற்குக் கட்டணம் என்று அடுத்தவர் கத்துவார். வாயைத் திறந்து பதில் சொன்னால் சண்டை வளரும். முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு தலையாட்டினால் முக்கால்வாசிப் பேர் தணிந்து போய்விடுவார்கள். ஆபீஸில் சின்னப் பையன்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரே தலையாட்டி. என் காதுபடவே சொல்வார்கள். அதற்கும் தலையாட்டிவிடுவேன்.

வீட்டில் என் மனைவி போனபிறகு என் குரலையே நான் கேட்பதில்லை. இந்த வகுப்பில் சேர்ந்தது அதற்காகத்தான். மேடைப்பேச்சாளர் ஆகும் ஆசையெல்லாம் இல்லை. நான் பேச, எதிரில் யாராவது ஒருவர் தலையசைத்தால் போதும் என்றிருந்தது.

முதலில் பேசியது எங்கள் குழு. பிறர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்பது தலைப்பு. நங்கூரமாக நான் லிஃப்ட் மெக்கானிக்கை உட்கார வைத்தேன். அவருக்குத் திக்கும். பேச்சுக்காக அவ்வளவு சிரமப்படுகிறவர் அடுத்தவர் பேச்சின் அருமை தெரிந்தவராக இருப்பார் என்று நினைத்தேன். என் பகுதியின் கடைசியில் மனைவியைப் பற்றி ஒரு விஷயம் சேர்த்திருந்தேன். கடைசி நாட்களில் அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் கவுன்டரில் ஆட்டுவதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன், என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் மடியில் போனை வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த விஷயத்தைச் சொல்லாமலே முடித்துவிட்டேன். சுருக்கமாக இருந்தது என்று நீங்கள் பாராட்டினீர்கள். வெளியே வந்ததும் அவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "பா… பாருங்கண்ணே, பாப்பாவுக்கு முன்பல்லு விழுந்துடுச்சு. இப்பதான் போட்டோ வந்துச்சு." அழகாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் இல்லை மேடம். கோபப்பட உடம்பில் தெம்பு வேண்டும்.

அதன் பிறகு, ஒரு முகத்துக்கு அவ்வளவு சக்தி இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. பஸ் டிரைவரின் குழு பேசிய அன்று நான்தான் அவருக்கு நங்கூரம். பஸ்ஸில் கடைசி சீட்டு வரை கேட்கிற குரல், வரிக்கு வரி கிண்டல். அவருடைய முதல் ஜோக்குக்கு எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் அவர் சட்டைப் பொத்தானையே பார்த்தேன். அவர் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. அப்புறம் சொல்ல வந்தது மறந்துபோய், பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி ஓடினார். படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டாளிகளுக்கு எந்தப் படத்தைக் காட்டுவதென்றே தெரியவில்லை. தயாரிப்பு போதவில்லை என்று நீங்கள் மதிப்பெண்ணைக் குறைத்தீர்கள். அவர்கள் பஸ் டிப்போவிலேயே உட்கார்ந்து நாள்கணக்கில் ஒத்திகை பார்த்தவர்கள்.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிற பெண்ணுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. அவள் சரியாகச் சொன்ன ஒரு இடத்தில் புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன். சரியை எடுத்துவிட்டுத் தப்பைச் சொன்னாள், பிறகு அதையும் மாற்றினாள். முடிந்ததும் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று அழுதாள். நான்தான் கைக்குட்டை கொடுத்தேன். "உங்க முகத்தப் பாத்ததும் ஏதோ தப்பா சொல்லிட்டேன்னு தோணிடுச்சு சார்" என்றாள். "அதெல்லாம் இல்லம்மா, நல்லாத்தான் பேசின" என்றேன்.

ஆகவே அந்த இரண்டு குழுவின்மேலும் தப்பில்லை. தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

மெக்கானிக்கின் குழுவுக்குப் போட்டது சரியான மதிப்பெண். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று பேசினார்கள். ஒவ்வொரு முறை அவருக்குச் சொல் சிக்கியபோதும், காத்திருக்கிறேன், அவசரமில்லை என்று என் முகம் சொன்னது. என் மனைவிக்கே நான் அப்படி ஒரு முகம் காட்டியதில்லை. வகுப்பே எழுந்து கைதட்டியது. அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இந்த வகுப்பில் எதற்காகச் சேர்ந்தார் என்று சொன்னார்.

அவர் மனைவி பிரிந்துவிட்டாள், மகளைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போகப் பார்க்கிறாள். மகள் யாரிடம் இருப்பது என்று முடிவு செய்கிற அதிகாரி முன்னால் இவர் பேச வேண்டும், தனியாளாக மகளை வளர்க்க முடியும் என்று காட்ட வேண்டும். திக்குகிறவர் என்பதால் உடன் ஒருவர் உட்கார அனுமதி கிடைத்திருந்தது. அவருடைய அக்கா வரத் தயாராக இருந்தாராம். "அக்கா அ… அழுதுடுவா. நீங்க எதிர்ல இருந்தீங்கன்னா நான் பேசிடுவேண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு வாராவாரம் இங்கே வகுப்பு முடிந்ததும் அவருக்கு ஒத்திகை பார்த்தேன். நீங்கள்கூட எங்களுக்காக விளக்கை அணைக்காமல் விட்டுப் போனீர்கள். பாப்பாவுக்குத் தலை பின்னிவிடுவது யார் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் பலமுறை பார்த்தோம். அவரே பின்னுவார். வேலையிடத்தில் கிடந்த மெல்லிய கம்பிகளைப் பின்னிப் பின்னிப் பழகியவர், இப்போது நாலுகால் பின்னலே போடுவார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குத் திக்கவே திக்காது.

விசாரணை நடந்த அறை சின்னது. ஒரு மேஜை, அதன் மேல் தண்ணீர் ஜக், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒரு பெண் அதிகாரி. நல்ல மாதிரி. "பொண்ணுக்குத் தலை பின்றது, குளிப்பாட்டறது எல்லாம் யாரு பாத்துப்பாங்க?" என்று தன்மையாகத்தான் கேட்டார். மெக்கானிக் வாயைத் திறந்தார், முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. என்னைப் பார்த்தார்.

கவுன்டரை மூடுகிற நேரத்துக்கென்று என்னிடம் ஒரு முகம் உண்டு. உதட்டைச் சேர்த்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, இல்லை என்று ஒரே ஒரு அசைவு. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. வரிசையில் நிற்பவருக்கு மட்டும் புரியும். அவருக்கும் புரிந்தது.

"சொல்லுங்க, அவசரமில்ல" என்றார் அதிகாரி. மெக்கானிக் மறுபடி என்னைத் தேடினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் "தெரியல" என்றார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து திக்காமல் வந்த சொல் அது ஒன்றுதான்.

பள்ளி விடுமுறையில் பாப்பா கிளம்பிவிடும். புதுப்பல் முளைப்பதை அவர் போனில்தான் பார்க்க வேண்டியிருக்கும். போனில் பார்ப்பது அவருக்குப் பழக்கம்தான்.

நான் பொய் சொல்லவில்லை மேடம், யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. தலையசைப்பது என் கடமை என்று யாரும் எழுதி வாங்கவும் இல்லை. இவ்வளவு நேரம் நான் பேசியதற்கு நீங்களும் ஒருமுறைகூடத் தலையசைக்கவில்லை, நான் குறையாக நினைக்கவில்லை. அந்த இரண்டு குழுவின் மதிப்பெண்ணை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மெக்கானிக் இப்போது படியேறி வந்துவிடுவார். மேல்முறையீடு செய்திருக்கிறார், அதற்கும் ஒத்திகை பார்க்க வேண்டும். அன்று வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்ததாலதான் அந்த அளவாவது உக்காந்திருந்தேன். அடுத்த தடவையும் நீங்கதாண்ணே வரணும்" என்றார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு நம்பிக் கேட்கிற மனிதரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.