பாத்தியில் இறங்கிய காட்டெருமை

இருந்தவர்கள் மூவர். இடம், மலையூரான அரவேணுவின் கடைவீதிக்குச் சற்று மேலே உள்ள வீட்டின் முன்னறை. பங்குனி மாதத்துச் சனிக்கிழமைக் காலை. ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில், முதுகுக்குத் தலையணை கொடுத்து அம்சவேணி. மேசைமுன் கோடு போட்ட காகிதமும் பேனாவுமாக அவளுடைய அண்ணன் மயில்சாமி. பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவோரம் முக்காலியில், எந்த நிமிடமும் எழுந்து ஓடிவிடுவார் போல, அவளுடைய கணவர் வெள்ளியங்கிரி. கீழே பெயின்ட், ஆணி விற்கும் கடைக்குச் சொந்தக்காரர்.

மயில்சாமி: ...சேரி, எத்தனை எருமை?

வெள்ளியங்கிரி: ஒண்ணுதான் இருக்கும் மச்சான்.

மயில்சாமி: ‘இருக்கும்’னெல்லாம் எழுத முடியாதுங்க மாப்ள. ஒண்ணா, ரெண்டா?

வெள்ளியங்கிரி: ஒண்ணு.

அம்சவேணி: ரெண்டுங்கண்ணா. பெருசு ஒண்ணு, கன்னு ஒண்ணு.

வெள்ளியங்கிரி: ...கன்னா?

அம்சவேணி: ஆமாங்க. நீங்க அசந்து தூங்கிட்டிருந்தீங்க.

வெள்ளியங்கிரி: நானா...?

மயில்சாமி: பாத்தீங்களா? கேட்டாத்தான எல்லாம் வெளிய வருது. ‘கன்றுடன் கூடிய காட்டெருமை ஒன்று...’

வெள்ளியங்கிரி: இதுக்குப் போயி லெட்டர் எதுக்குங்க மச்சான்? சம்பந்தியம்மாகிட்ட போன்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா?

மயில்சாமி: போன்ல சொன்னாக் காத்தோட போயிரும். உங்க பொண்ணு ஸ்ரீமதி வாழப் போற ஊடு அது. வாக்கு மாறுதுன்னா அது எழுத்துல போகோணும், காரணத்தோட போகோணும். நிச்சயதார்த்தத்துக்கு வர்ற ஒறம்பரைக்கு பிளாஸ்டிக் டப்பாவுல முறுக்கும் லட்டும் போட்டுக் குடுக்கலாம்னாங்க சம்பந்தியம்மா. வேண்டாம்னது யாரு?

அம்சவேணி: நாந்தான்.

மயில்சாமி: என்னன்னு சொன்ன?

அம்சவேணி: ‘பிளாஸ்டிக்கெல்லாம் மலை ஏற உடமாட்டாங்க, செக்போஸ்ட்டுலயே புடுங்கிக்குவாங்க. எங்க பாத்தியில நாத்து வளத்து, ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில வெண்டை நாத்து வெச்சுத் தர்றேன்’னு...

மயில்சாமி: நூத்தம்பது பேருக்கு.

அம்சவேணி: நூத்தம்பது பேருக்கு.

மயில்சாமி: அப்பறம் அந்தப் பாத்தியைப் போட்டோ புடிச்சு சம்பந்தி ஊட்டு குரூப்புல போட்டது?

அம்சவேணி: அது நீங்கண்ணா.

மயில்சாமி: ஆமா, நாந்தான். சும்மாவா போட்டேன்? என்னமாத் தழைச்சிருந்துச்சு! ‘எங்கள் வீட்டுப் பச்சைக் கம்பளம்’னு கீழ எழுதி வேற போட்டேன். அந்தக் குரூப்புல ஒரு ஆளு பாக்கியில்லாம கைதட்டற பொம்மை போட்டாங்க. அத்தனை பேரும் பாத்த பாத்தி, இன்னைக்கு மொட்டையடிச்சாப்ல கெடக்குது. காரணம் சொல்லாம எப்படி?

வெள்ளியங்கிரி: அதான் எருமைன்னு சொல்லியாச்சே.

மயில்சாமி: சொன்னீங்க. நா போயிப் பாத்தேன். உங்க கடை டேப்பை எடுத்துப் போயி அளந்தும் பாத்தேன்.

வெள்ளியங்கிரி: ...அளந்தீங்களா?

மயில்சாமி: எருமைக் குளம்பு எப்படிங்க மாப்ள இருக்கும்?

வெள்ளியங்கிரி: அது... எருமையாட்டம்...

மயில்சாமி: நடுவுல பொளந்திருக்கும். பாத்தியில பதிஞ்சிருக்கறது நல்ல வட்டம். கிண்ணத்தை அமுக்கி எடுத்தாப்ல குழி.

வெள்ளியங்கிரி: மழையில அழிஞ்சிருக்கும்.

மயில்சாமி: எந்த மழை? தைக்கப்புறம் ஒரு சொட்டு உண்டா?

அம்சவேணி: மழை இல்லீங்கண்ணா, நாந்தான். காலையில பூவாளியில தண்ணி ஊத்தினேன். அதுல கரைஞ்சிருக்கும்.

வெள்ளியங்கிரி: நீ எப்பப் போயி ஊத்தின?

அம்சவேணி: காப்பி போடறதுக்கு முன்னாடி.

மயில்சாமி: ஒண்ணுமே இல்லாத பாத்திக்கா?

அம்சவேணி: பழக்க தோஷங்கண்ணா.

மயில்சாமி: வேலி ஒரு பக்கங்கூடச் சாயலை. எட்டாளு கனம் இருக்கற எருமை, வேலியைத் தாண்டிக் குதிச்சுதா?

வெள்ளியங்கிரி: குதிச்சிருக்கலாம்...

அம்சவேணி: கேட்டு தொறந்து கெடந்துச்சுங்கண்ணா. இவரு சாத்த மறந்துட்டாரு.

வெள்ளியங்கிரி: ஆமா. மறந்துட்டேன். என்ற தப்புதான்.

மயில்சாமி: இன்னொண்ணு. மாடு மேஞ்சா நுனியைத்தான கடிக்கும்? இது வேரோட போயிருக்குது. களை புடுங்கினாப்ல, அத்தனை சுத்தம்.

வெள்ளியங்கிரி: மச்சான், சூடா இன்னொரு காப்பி...?

மயில்சாமி: காப்பி கெடக்கட்டும். இது எப்படி?

அம்சவேணி: எளசுதானுங்கண்ணா, இழுத்தா வேரோட வந்துரும். புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு உடற சத்தம் என்ற காதுலயே கேட்டுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

வெள்ளியங்கிரி: அம்சா... நெசமாவே கேட்டுச்சா?

அம்சவேணி: கேட்டுச்சுங்க. நீங்க எதுக்கு இப்ப வேர்த்து ஊத்தறீங்க? இந்தக் குளுருல?

வெள்ளியங்கிரி: எருமையை நெனச்சேன்...

மயில்சாமி: நீ அழுதிட்டிருப்பேன்னு நெனச்சு வந்தேன் அம்சா. ஆபரேசன் பண்ணிட்டு வந்து மாசக்கணக்குல அந்தச் செவுத்தைப் பாத்துட்டுப் படுத்திருந்தவ. பாத்தி போட்டப்பறந்தான் எந்திரிச்சு உக்காந்த. அது போச்சுன்னதும் என்ன ஆவியோன்னு எனக்கு ஒரே பதட்டம்.

அம்சவேணி: போனது போச்சுங்கண்ணா. அழுதா வருமா?

வெள்ளியங்கிரி: நீ ஒரு பாட்டம் அழுதிருந்தாக்கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

அம்சவேணி: நல்லா இருக்குதே! என்னை அழ வெச்சு ஆறுதல் தேடறாரு பாருங்கண்ணா.

மயில்சாமி: சேரி, நாத்துக்குப் பதிலு என்ன குடுக்கறதா எழுத? டப்பாவுக்கே சம்மதம்னு எழுதிடட்டுமா?

அம்சவேணி: அது மட்டும் வேண்டாங்கண்ணா. அவிநாசியில அம்மா ஊட்டுல இருந்து கொண்டாந்த வெண்டை வெதை ஒரு பெரிய டப்பா நெறையா மிச்சம் இருக்குது. மஞ்சத் துணியில சின்னச் சின்னப் பையாத் தெச்சு, ஆளுக்கொரு புடி வெதை போட்டுக் குடுத்தரலாம்.

வெள்ளியங்கிரி: நீ மெஷின் மிதிக்கக் கூடாது. டாக்டரு சொன்னது ஞாபகம் இருக்கட்டும். நா தெச்சுத் தர்றேன்.

அம்சவேணி: நீங்களா? போன வருசம் சட்டைக்குப் பித்தானைத் தெச்சு, சட்டையைப் போர்வையோட சேத்துத் தெச்சவரு...

வெள்ளியங்கிரி: அதையெல்லாம் மச்சான் முன்னாடி சொல்லோணுமா?

மயில்சாமி: எனக்குத் தெரியுங்க மாப்ள, அன்னைக்கே போன்ல சொல்லிட்டா. ஆனா அம்சா, வெதை அத்தனை மிச்சம் இருக்குதுன்னா மறுக்கா வெதைக்கலாமே? நிச்சயம் சித்திரைக் கடைசியிலதான. அதுக்குள்ள தழைச்சிராதா?

அம்சவேணி: வேண்டாங்கண்ணா.

மயில்சாமி: ஏன்?

அம்சவேணி: அது கீழ வெயில் காஞ்ச மண்ணுல வர்ற வெதை. கோயமுத்தூருல அவங்கவங்க மொட்டை மாடியில ஒரு சாக்குல மண்ணைப் போட்டு ஊனட்டும், நல்லா வரும்.

மயில்சாமி: இங்கயுந்தான் நல்லா வந்துச்சே?

அம்சவேணி: ...எருமை வருதுல்லங்கண்ணா.

மயில்சாமி: அதுவும் நாயந்தான். இந்த லெட்டரை முடிச்சுட்டு, கையோட ரேஞ்சர் ஆபீசுக்கும் ஒரு மனு எழுதிரலாம்.

வெள்ளியங்கிரி: வேண்டாம் மச்சான்!

அம்சவேணி: வேண்டாங்கண்ணா!

மயில்சாமி: என்ன, புருசனும் பொண்டாட்டியும் ஒரே மூச்சுல கத்தறீங்க?

அம்சவேணி: பாவம், கன்னோட வந்த தாயி...

வெள்ளியங்கிரி: பசியில வந்துச்சு...

மயில்சாமி: ரெண்டு பேருக்கும் இத்தனை எளகின மனசுன்னு இத்தனை வருசமா எனக்குத் தெரியாமப் போச்சு. சேரி, படிக்கறேன், கேளுங்க. ‘அன்புள்ள சம்பந்தியம்மாள் அவர்களுக்கு, அரவேணுவிலிருந்து மயில்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் பாத்தி நீங்கலாக அனைவரும் நலம்...’

வெள்ளியங்கிரி: பாத்தி நீங்கலாகவா?

மயில்சாமி: உள்ளதைத்தான எழுதோணும்? குறுக்க பேசாதீங்க. ‘நிற்க. நேற்று விடியற்காலையில் கன்றுடன் கூடிய காட்டெருமை ஒன்று, திறந்திருந்த வாயில் வழியே உட்புகுந்து, என் தங்கை தன் உடல்நிலையையும் பாராது வளர்த்த நாற்றுகள் முழுவதையும் வேரோடு உட்கொண்டுவிட்டது...’

அம்சவேணி: அந்த ‘உடல்நிலையையும் பாராது’ வேண்டாங்கண்ணா.

மயில்சாமி: ஏன், உருக்கமா இருக்குதே?

அம்சவேணி: கல்யாணப் பேச்சு நடக்கற நேரத்துல என்ற ஒடம்பைப் பத்தி எதுக்கு?

மயில்சாமி: அடிச்சா அசிங்கமா இருக்கும். இரு, வேற தாள்ல முழுசா எழுதறேன்... ம்... ம்... ‘ஆகவே, நாற்றுக்குப் பதிலாக மஞ்சள் துணிப்பையில் நாட்டு வெண்டை விதை வழங்க உத்தேசித்துள்ளோம். அவரவர் வீட்டில் ஊன்றிப் பயன்பெறலாம். பிளாஸ்டிக் டப்பா எப்போதும் வேண்டாம் என்பதை மீண்டும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இப்படிக்கு...’ சேரியா?

அம்சவேணி: அருமையா இருக்குதுங்கண்ணா. ‘எப்போதும்’னு போட்டீங்க பாருங்க, அதுதான் அழகு.

மயில்சாமி: மாப்ள?

வெள்ளியங்கிரி: ...எழுத்து நல்லா இருக்குதுங்க.

மயில்சாமி: கவரு கொண்டாந்திருக்கேன். கோந்துதான் இல்லை.

வெள்ளியங்கிரி: கடையிலயும் தீந்து போச்சுங்க மச்சான். நாளைக்கு வந்தப்பறம் ஒட்டி...

அம்சவேணி: அந்தத் தட்டத்துல ரெண்டு சோத்துப் பருக்கை இருக்குது பாருங்கண்ணா.

மயில்சாமி: கெட்டிக்காரி. நா எதுத்தாப்ல டீக்கடையில நின்னு ஒட்டி, விலாசம் எழுதி, அங்கயே தபால் பொட்டியில போட்டுட்டு வந்தர்றேன். தபாலு எடுக்கறவரு வர்ற நேரந்தான்.

வெள்ளியங்கிரி: மச்சான், ஒரு நிமிசம்...

மயில்சாமி: என்னங்க?

வெள்ளியங்கிரி: ...படி வழுக்கும். பாத்துப் போங்க.

மயில்சாமி: சேரி, சேரி.

அம்சவேணி: அண்ணன் படி எறங்கியாச்சு. என்னமோ சொல்ல வந்து முழுங்கினீங்க?

வெள்ளியங்கிரி: ஒண்ணுமில்லை.

அம்சவேணி: சேரி, ஒண்ணுமில்லை.

வெள்ளியங்கிரி: அம்சா... எருமை வரலை.

அம்சவேணி: ம்.

வெள்ளியங்கிரி: நாந்தான். நீ குனியக் கூடாதேன்னு, நீ எந்திரிக்கறதுக்குள்ள களை எடுத்து வெச்சரலாம்னு போனேன். மசமசன்னு இருட்டு வேற. எல்லாமே களையாட்டந்தான் தெரிஞ்சுது. புடுங்கிட்டே போயித் திரும்பிப் பாத்தா... பாத்தியில ஒண்ணுமே மிச்சமில்லை. அத்தனையும் அள்ளிக் கொண்டுபோயிப் பள்ளத்துல கொட்டிட்டு...

அம்சவேணி: கொட்டாங்குச்சியை அமுக்கிக் குளம்பு வெச்சீங்க.

வெள்ளியங்கிரி: உனக்கு... தெரியுமா?

அம்சவேணி: ஒவ்வொரு குளம்புலயும் தேங்காயோட மூணு கண்ணும் பதிஞ்சிருந்துச்சு. எந்த ஊரு எருமைக்குங்க காலுல கண்ணு இருக்கும்? அண்ணன் வர்றதுக்குள்ள அதை அழிக்கறதுக்குத்தான் பூவாளியைத் தூக்கிட்டு ஓடினேன்.

வெள்ளியங்கிரி: அப்பறம் எதுக்கு அந்தக் கன்னு, மூச்சு சத்தம் எல்லாம்?

அம்சவேணி: நீங்க சொல்ற பொய்யி நிக்கறாப்ல இல்லை. தாங்கிப் புடிச்சேன்.

வெள்ளியங்கிரி: திட்டு அம்சா. ரெண்டு வார்த்தை திட்டிரு. ஆஸ்பத்திரியில இருந்து வந்து நீ மொதல்ல சிரிச்சதே அந்தப் பாத்தியைப் பாத்துத்தான். அதைப் போயி நானே புடுங்கி எறிஞ்சுட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்? நேத்திருந்து சோறு எறங்கலை.

அம்சவேணி: அதான் ராத்திரி ஆறு தோசையோட நிறுத்திட்டீங்களா?

வெள்ளியங்கிரி: வெளையாடாத. இரு, நா ஓடிப்போயி மச்சானை நிறுத்தறேன். சம்பந்தி ஊட்டுக்கு மொத மொதலாப் போற லெட்டர்ல பொய்யி வேண்டாம். குத்தம் என்ற மேல, அப்படியே எழுதட்டும்.

அம்சவேணி: உக்காருங்க.

வெள்ளியங்கிரி: கையை உடு அம்சா.

அம்சவேணி: உடமாட்டேன். டாக்டரு என்னை இழுத்துப் புடிக்க வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. உக்காருங்க.

மயில்சாமி: அம்சா...! ஜன்னல்ல கீழ பாரு! ஒட்டியாச்சு! விலாசம் எழுதியாச்சு! பொட்டியில போட்டரட்டுமா?

வெள்ளியங்கிரி: மச்சான், போடாதீ...

அம்சவேணி: போடுங்கண்ணா! போட்டுருங்க!

மயில்சாமி: போட்டாச்சு!

வெள்ளியங்கிரி: போச்சு... ஏம்புள்ள, ஏன் இப்படிப் பண்ணின?

அம்சவேணி: நீங்க களைன்னு நெனச்சுப் புடுங்கினது அத்தனையும் களைதானுங்க. நா ஊனின வெண்டையில ஒண்ணுகூட மொளைக்கலை. பனி உழுகற ஊருல வெண்டை வராதுன்னு பக்கத்தூட்டுல சொன்னப்பக் கேக்காம, சம்பந்தியம்மாகிட்ட சவால் உட்டுட்டு, அண்ணன் வேற போட்டோ போட்டப்பறம் யாருகிட்டப் போயிச் சொல்ல? களைன்னு தெரிஞ்சே தெனமும் தண்ணி ஊத்திட்டு, ஒரு எருமை வந்து மேஞ்சுட்டுப் போயிரக் கூடாதான்னு முருகனை வேண்டிட்டிருந்தேன்... நீங்க வந்தீங்க.