ஒரே தாளில் புவனேஸ்வரன்

மேடையை அலங்கரிக்கும் சங்கத் தலைவி நூர்ஜான் அவர்களே, மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைத்தும் கிடைக்காமலும் அமர்ந்திருக்கும் வரைவாளர்களே, வணக்கம்.

முதலில் ஒரு முடிவை அறிவிக்கும் கடமை எனக்கு உண்டு. பின்னால் தொங்கும் மறைந்த புவனேஸ்வரனின் படத்தைச் சுற்றிக் கோடு போடுவதா வேண்டாமா என்று நமது சங்கம் ஐந்து மாதம் ஆலோசித்தது. நான்கு கூட்டங்கள், ஒரு துணைக்குழு, ஒரு வெளிநடப்பு. கோடு வேண்டாம் என்று போன செவ்வாய்க்கிழமை தீர்மானம் நிறைவேறியது. அதனால்தான் இந்த இரங்கல் கூட்டம் இன்று நடக்கிறது.

யார் இந்தப் புவனேஸ்வரன்? ‘ஒருதாள் செம்மல்’ என்று பட்டம் கொடுத்தோமே, ஏன் கொடுத்தோம்?

ஒரு கட்டடத்துக்கு மற்றவர்கள் பன்னிரண்டு தாள் வரைந்தபோது அவர் ஒன்றே ஒன்று வரைந்தார். “ரெண்டாவது தாள் குடுத்தா, சைட்ல அதுல நாசி லெமாக் வச்சி சாப்புடுவானுங்க லா” என்பார். கணினியில் வரைகிற நாம் தாளில் ஜன்னல்கள் வெட்டி, ஒவ்வொன்றின் வழியாகவும் கட்டடத்தின் ஒரு பகுதியைக் காட்டுகிறோம். வியூபோர்ட் என்பது அதுதான். நாம் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். அவர் ஒன்றின் மேல் ஒன்று வைத்தார்.

துறைமுகம் பார்த்த எங்கள் மூன்றாம் மாடி அலுவலகத்தில், பிற்பகல்களில் அவருடைய கணினித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தரைத்தளத்தின் மேல் கூரை மிதக்கும். கூரைக்குள் ஒரு படிக்கட்டு, எங்கும் போகாமல் நிற்கும். வெளியே ஃபெரி நகரும்போது அதன் நிழலும் கண்ணாடியில் விழுந்து, யாரோ ஒருவருடைய வரவேற்பறை வழியாக மெதுவாகக் கடந்து போகும். அது வேலையா, கனவா? சம்பளம் வந்தது, ஆகவே வேலை.

ஜன்னலுக்குள் ஜன்னல் இருந்தால், சின்னதைத் தொடும்போது பெரியது விழித்துக்கொள்வதுண்டு. பிறை ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு, கதவுக் கீல் ஒன்றைப் பெரிதாக்கப் போய் தொழிற்சாலையையே பெரிதாக்கி அனுப்பிவிட்டேன். தாள் முழுக்க ஒரு தூணின் கால்வாசி. யார் செய்தது என்று முதலாளி கேட்டபோது, “நான்தான் பாஸ்” என்றார் புவனேஸ்வரன். பிறகு என் நாற்காலியைத் திருப்பினார்.

“தம்பி, கண்ட்ரோல அழுத்திக்கிட்டு ஆர் தட்டு. ஜன்னல் ஒவ்வொன்னா மாறும். எதுல நிக்கிறோம்னு பார்த்துட்டு அப்புறம் கைய வையி.”

“சரிண்ணே.”

“சரிம்ப. பார்க்க மாட்ட.”

அவருடைய கடைசித் தாள் அவருடைய சொந்த வீடு. நிபோங் திபாலில், வெள்ளம் ஏறும் தெரு. மனைவி சந்திரிகா அக்கா சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவருக்காக இரண்டடி உயர்த்திய ஓர் அறை, நாற்காலி ஏறிப்போக ஒரு சரிவுப் பாதை. அனுமதிக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை அவர் மறைந்தார்.

வியாழக்கிழமை, தகனம் முடிந்த கையோடு, நானும் என்னோடு வேலை செய்யும் ஃபிக்ரியும் தாளைத் திறந்தோம். பெரிய ஜன்னலில் அறையும் பாதையும். அதற்குள் இருந்த சின்ன ஜன்னலில் கூரை. கூரையின் குறுக்கே பாதையின் கோடும் தெரிந்தது. சின்ன ஜன்னலில் மட்டும் அதை மறைத்தால் போதும்.

ஃபிக்ரி தட்டினான். “மறைஞ்சிருச்சாண்ணே?”

“மறைஞ்சிருச்சு லா. பிரிண்ட் அடி.”

இருவர் கண்ணிலும் தண்ணீர், திரை சரியாகத் தெரியவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குத் தாளைக் கொடுத்தோம். அனுமதி கிடைத்தது.

செம்மலே, உங்கள் முறையை இந்தச் சங்கம் கைவிடுமா? கைவிடாது. ஒரு கட்டடம், ஒரு தாள். ஜன்னலின் மேல் ஜன்னல். நீங்கள் விட்ட இடத்திலிருந்து நாங்கள் தொடர்வோம் என்று இந்த அவையில் உறுதி சொல்கிறோம்.

உங்கள் அறையும் பாதியில் நிற்கவில்லை. கட்டடக் குத்தகைக்காரர் தாளில் உள்ளபடியே, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல், போன மாதம் கட்டி முடித்தார். தாளில் சரிவுப் பாதை இல்லை, அவரும் கட்டவில்லை. சந்திரிகா அக்கா கூடத்தில் படுத்துக்கொள்கிறார்.