பேப்பர் பிரிக்காத ஃபேன்

ரங்கசாமி: ஒரே ஒரு தபா சுத்த உட்டுப் பாக்கலாம்மே.

செங்கம்மாள்: வேணாம்யா. பொண்ணு கூட அனுப்பற ஃபேன். நாம காத்து வாங்கிட்டுக் குடுத்தா, மீஞ்சூர் சம்மந்தி பழசும்பாரு.

ரங்கசாமி: அவருக்கு எப்டித் தெரியும்...

செங்கம்மாள்: மெதுவா பேசு. கன்னியம்மா உள்ள தூங்கறா.

ரங்கசாமி: சித்திர வெய்யிலு மண்டையப் பொளக்குது. பீரோ, ரேடியோ, ஃபேனு... மூணும் நம்மூட்ல பேப்பர் சுத்திக்கினு நிக்குது. நாம ஓல விசிறிய ஆட்டிக்கினு கீறோம்.

செங்கம்மாள்: தெருவுக்குக் கரண்டு வந்ததே போன பொங்கலுக்கு. அதுக்குள்ள தொரைக்கு ஃபேனு கேக்குது. வைகாசி பொறந்தா மூணும் வண்டி ஏறிடும்.

ரங்கசாமி: ...ம்.

செங்கம்மாள்: இன்னா, இழுக்கற?

ரங்கசாமி: ஒண்ணுமில்ல. பீரோ கண்ணாடில என்னிக்காவது மூஞ்சி பாத்தியா?

செங்கம்மாள்: தெனம். பேப்பர ஓரமா கிழிச்சி வெச்சிக்கீறேன். ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரியும்.

ரங்கசாமி: நீயா? நான் எலின்னு நெனச்சேன்.

செங்கம்மாள்: நீ மட்டும் யோக்கியமா? பேப்பர ஒதுக்கி, சத்தத்தக் கொறச்சிட்டு, ரேடியோவாண்ட படுத்துக்கினு அந்தப் பச்ச லைட்டயே பாக்கறியே.

ரங்கசாமி: அது... ரேடியோ முள்ளு ஸ்டேசன் கிட்ட வர்றப்போ மெல்ல மூடுது பாரு. மீனு தண்ணிக்குள்ள கண்ண மூடுனா அப்டித்தான் இருக்கும்.

செங்கம்மாள்: மீனு கண்ண மூடாதுய்யா.

ரங்கசாமி: கனவுல மூடும்.

செங்கம்மாள்: ...சரி. போடு.

ரங்கசாமி: இன்னாத்த?

செங்கம்மாள்: ஃபேனத்தான்.

ரங்கசாமி: சம்மந்தி...

செங்கம்மாள்: போடுன்றேன்ல. பேப்பர மொத்தமா பிரிச்சிரு.

ரங்கசாமி: ...சுத்துது பாரு.

செங்கம்மாள்: ம்... பழவேற்காட்ல, படகுல போனோமே... கண்ணாலம் ஆன புதுசுல. பொடவய காத்து அப்டியே தூக்கிச்சி. இதே காத்துதான். கண்ணு சொக்குது...

ரங்கசாமி: செங்கம்மா.

செங்கம்மாள்: சொல்லு.

ரங்கசாமி: காலைல நான் எண்ணூர் கம்பெனிக்குப் போகல.

செங்கம்மாள்: சாப்பாட்டுத் தூக்கு இங்கியே கீது. அப்பவே பாத்தேன்.

ரங்கசாமி: மீஞ்சூர் போனேன். இந்த சம்மந்தம் வேணாம்னு சொல்லிட்டேன்.

செங்கம்மாள்: இன்னாத்துக்குய்யா?

ரங்கசாமி: நேத்து கன்னியம்மா எங்கிட்ட வந்து அயுதா. ‘சாமான் பாக்க வந்த மாப்ள பீரோவத் தட்டித் தட்டிப் பாத்தாரு நைனா, நான் காப்பி நீட்னா நிமிரக்கூட இல்ல’ன்னா. அப்பறம் எப்டிமே அனுப்பறது? உங்கிட்ட சொல்லத்தான் பயம். ஒண்ணொண்ணா நீ ஆசையா சேத்த சாமானு... வைவியோன்னு...

செங்கம்மாள்: அவ மொதல்ல அயுதது எங்கிட்டய்யா. நான் வேணாம்னா எவன் கேப்பான்... ‘நைனாவாண்ட போய் அயு, எங்கிட்ட சொன்னதா காட்டிக்காத’ன்னு அனுப்பி வெச்சதே நான்தான்.