பிரேக்குக்கு ஒரு டிக்

ஒரகடத்தில் காலை ஷிஃப்ட் விட்ட நேரம். வாலாஜாபாத் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே, ஒரே கம்பெனிச் சட்டையில் இருவர். மூத்தவர் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

“எம்பொண்ண இட்ச்ச காரு, நான் செக் பண்ணி அனுப்புனது தம்பி.”

ஆட்டோவில் பத்துப் பேர் இருந்தோம். அதற்குமேல் ஒருவரும் செல்போனைப் பார்க்கவில்லை.

“எப்டிண்ணே தெரியும்?”

“கேஸ் பேப்பர்ல சேசிஸ் நம்பர் கீது. செக் ஷீட்ட எட்த்துப் பாத்தா, பிரேக் ஓகேன்னு என் கையெழுத்து.”

“பாப்பா நடக்குதா?”

“வாக்கர் புட்ச்சிகினு நடக்குது. இட்ச்சவன் பிரேக்கு புடிக்கலன்றான். நஷ்டஈடு கேஸ் போட்ட நம்ம வக்கீலுக்கு ஒரே குஷி. ‘பிரேக்கு நல்லா இருந்துச்சுன்னா தப்பு டிரைவர் மேல. உன்ன மாதிரி சாட்சி எங்க கெடைக்கும், கூண்டுல ஏறி சொல்லு’ன்றாரு.”

“சொல்லிடுண்ணே.”

“மாசக் கடசில போன வண்டிடா அது. டார்கெட்டு முடியலன்னு சூப்பர்வைசர் தலமேல நின்னாரு. ஒக்காந்த எடத்துலயே எல்லா வண்டிக்கும் டிக் அட்ச்சோமே, மறந்துட்டியா?”

புதுக் கார்களை அடுக்கிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. இளையவர் அதையே பார்த்தார்.

“வக்கீலாண்ட சொன்னியா?”

“சொன்னேன். ‘கையெழுத்து கீது இல்ல? கோர்ட்டுக்கு அது போதும்’னுட்டாரு.”

“கம்பெனிக்கும் அதான போதுமா இருந்துச்சு.”

மூத்தவர் இறங்கும்போது சொன்னார்:

“நேத்து பாப்பா ஸ்கூல் டைரிய நீட்டுச்சு. பேனாவ எட்த்தேன். ‘படிச்சுப் பாத்துட்டுப் போடுப்பா’ன்னுது.”