தெக்கே பாக்குற அரைமனுசன்

இன்னும் கிட்ட வந்து உக்காருங்க தம்பி. அந்தச் சேரை இழுத்துப் போட்டுக்கங்க. ரோட்டோரமா இத்தனை சேர் எதுக்குன்னு பாக்குறீங்களா? சர்ச்சுல மிச்சமாக் கெடந்த சேருதான். காலைல கழுதை வண்டில நானே ஏத்தியாந்து போட்டேன். எதுக்குன்னு பொறவு சொல்றேன். மொதல்ல டீயக் குடிங்க. ஆட்டுப்பாலு, ஒத்துக்கும்ல?

ஐய, அதுல கைய வைக்காதீங்க. செத்த செடி இல்ல அது. கோடை வந்தா அப்படித்தான், காஞ்ச காகிதம் மாதிரி ஒரு தோலப் போத்திக்கிட்டு உள்ள தூங்கும். பொத்தான் பொத்தானா இருக்கு பாருங்க. மொத மழைக்குத் தோலக் கிழிச்சிக்கிட்டு எந்திரிச்சிரும். அங்க ஆமை முதுகு மாதிரி கெடக்குறது ஆனைக்கால் கெழங்கு. கல்லுன்னு நெனச்சு மிதிச்சிராதீங்க, கல்லுங்களுக்கு நடுவுல கல்லுச்செடியும் இருக்கு. போன கார்த்திகைலேர்ந்து இதுக எதுக்கும் ஒரு சொட்டுத் தண்ணி நான் விடல. பக்கெட்டு பாத்தீங்கல்ல, சிலந்தி கூடு கட்டியிருக்கு.

என்ன, காலைல பரிசுக்குப் பாத்துட்டு வந்தீங்களே, அந்த வெஸ்ஸல் தோட்டம் பச்சையா இருந்துச்சா? இருக்கும் இருக்கும். ராத்திரியில குழாயத் தொறந்து விடுறான், பின்ன எப்படி இருக்கும்! இந்தப் பொத்தான் செடி எங்கிட்ட ஒரு தட்டு நெறைய வாங்கிட்டுப் போனான். கோடைல தண்ணி காட்டாதடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பாவம் ஆன்ட்டி, தாகமா இருக்கும்லன்னான். ஒரே வாரத்துல எல்லாம் அழுகிக் கூழாப் போச்சு. நம்மூருச் செடி பட்டினில சாகாது தம்பி, விருந்துலதான் சாகும்.

அவன் கேப்டவுன்காரன். நாலு வருசம் முன்னாடி கீழ அந்த வெள்ளை மதில் வீட்ட வாங்கி விடுதி ஆக்குனான். நம்ம சனம் பாதி அவன்கிட்டதான் வேலை. ஒருத்தி போர்வை தொவைக்கிறா, ஒருத்தன் ஆட்டுக்கறி சுடுறான். அதனாலதான் அன்னிக்கு எனக்காக ஒருத்தரும் வாயத் தொறக்கல. கோவமான்னா? இல்லாம என்ன! மனசுல வச்சிருக்கேன்.

அந்தா, உங்க காலுக்குப் பின்னாடி ஒரு குழி இருக்கு பாருங்க. அங்கதான் எங்க அரைமனுசன் நின்னான், முள்ளுச்செடிதான், தூரத்துலேர்ந்து பாத்தா தலை சாஞ்சு நிக்கிற ஆளு மாதிரி இருப்பான். என் நெஞ்சு ஒசரம். எம்மாமனாரு வடக்க ஆத்தங்கரைலேர்ந்து தெக்க பொழைக்க வந்தப்ப பொகையிலைப் பையில வெதைய முடிஞ்சு கொண்டாந்து போட்டது. எம்புருசன் அட்ரியான் பொறந்தப்ப அது வெரல் ஒசரமாம். செப்புச் சுரங்கத்துல நெஞ்சு கெட்டுப்போயி அவரு வீட்டோட கெடந்தாரே, அப்ப அது பக்கத்துலதான் நாக்காலியப் போட்டுக்குவாரு. ரெண்டு பேரும் வடக்கப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. என்ன பேசுவாங்களோ. அவரு போனப்பெறகு நான் அதுகிட்டதான் சண்டை போடுவேன். எதுத்துப் பேசாது, அதுல அட்ரியான விடத் தேவலாம்.

வெஸ்ஸல் ஒரு வெலை சொன்னான். தரமாட்டேன்னேன். இன்னொரு வெலை சொன்னான். உன் அம்மாவ என்ன வெலைக்குக் குடுப்பேன்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டான். போன வசந்தத்துல கண்ணு ஆபரேசனுக்கு ஆஸ்பத்திரி போயிட்டு, கட்டுப் பிரிச்சு வீட்டுக்கு வந்து நல்ல கண்ணால நான் பாத்த மொத காட்சி இந்தக் குழி தம்பி. குழிக்குள்ள தோல் கையுறை ஒண்ணு கெடந்துச்சு. எடது கை. அரைமனுசன் முள்ளு உங்களுக்குத் தெரியும்ல, வெரல் நீளம். கையுறை இல்லாம தொட முடியாது.

மறுவாரம் வெஸ்ஸல் வீட்டு வாசலுக்கு நேரா நம்ம அரைமனுசன் நிக்கிறான்.

போலீசு சார்ஜன்ட் ப்ளூம்கிட்ட போனேன். செடில உங்க பேரு எழுதியிருக்கான்னு கேட்டாரு. கையுறையக் காட்டுனேன். இதே கையுறைதான் நம்மூருக் கடைல தொங்குது, ஊர்ல பாதிப் பேரு வச்சிருக்கான்னாரு. சாயங்காலமானா அவன் விடுதிலதான் அவருக்குப் பீரு. வெஸ்ஸலக் கூப்பிட்டுக் கேட்டாரு, அதையும் சொல்லணும். இவனும் என் கண்ணு முன்னாடியே, போன வாரம் நகரத்துல நர்சரில வாங்குனேன் சார், பில்லு இருக்குன்னான். ஆன்ட்டிக்கு இப்பத்தான் கண்ணு ஆபரேசன், குழப்பமா இருக்கும்னான். ஸ்டேசன்ல எல்லாரும் சிரிச்சாங்க. யாரு யாரு சிரிச்சாங்கன்னு இப்பக் கேட்டாலும் வரிசையாச் சொல்லுவேன்.

நான் அழல. வீட்டுக்கு வந்து ரஸ்க் சுட்டேன். ஒரு டப்பா நெறைய அவனுக்குக் கொண்டு போனேன். நான்தான் தப்பா பேசிட்டேன் ராசா, மனசுல வைக்காதன்னேன். ஆடிப்போயிட்டான். பொறவு ஆன்ட்டி ஆன்ட்டின்னு ஒரே ஒட்டுதல். ஒருநா கேட்டான், ஏன் ஆன்ட்டி இது தலை இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது, திருப்பி நடவான்னு. வேண்டாம்டா சாமி, வர்ற விருந்தாளிக்குத் தலை குனிஞ்சு வணக்கம் சொல்ற மாதிரி எவ்வளவு அழகா இருக்கு, அப்படியே இருக்கட்டும்னேன். அவனுக்கு அது புடிச்சுப்போச்சு. விடுதி போர்டுல படமா வேற வரைஞ்சுட்டான். பாத்திருப்பீங்க.

சிரிக்கிறீங்களே. உங்கம்மா ஆத்தங்கரைல பொறந்தவங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்க சொல்லியிருப்பாங்கல்ல? வடக்க இருந்த சனத்த அடிச்சு வெரட்டுனப்ப, போற வழில நின்னு சொந்த ஊரத் திரும்பிப் பாத்தவங்கதான் இந்தச் செடியா ஆனாங்க. வெதையில மொளச்சு நின்ன எடத்துலயே வளந்த அரைமனுசன் ஒவ்வொருத்தனும் தலைய வடக்கதான் சாய்ப்பான், நம்ம நாட்டுல சூரியன் போறது அந்தப் பக்கந்தானே. வெஸ்ஸல் வாசலோ தெக்க, அங்க புடுங்கி நட்டவன் தலையும் தெக்கதான் சாஞ்சு நிக்குது.

கோடை முழுக்க நான் இந்தக் கல்லுமேல ஒக்காந்து கீழ பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி. வெயில் படாத முதுகு அது. இப்ப வடக்க திரும்பிப்போயி நாளெல்லாம் வேகுது. பொங்கிக் கருத்துச்சு. ஓடிப்போயி ஒரு சாக்குப் போத்தணும்னு கை துடிக்கும். போத்துனா அவனுக்கு வெளங்கிரும். பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். இன்னொரு கோடைய அது தாங்காது. இந்த மழைக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தாகணும்.

அப்பதான் உங்க சங்கத்துப் பரிசு ஞாபகம் வந்துச்சு. தண்ணியில்லாத் தோட்டத்துக்குப் பரிசு, பேப்பர்ல படம். போயி அவன் காதுல போட்டேன். பரிசு உனக்குத்தான்டா, ஆனா நர்சரில வாங்குன செடிக்கு அவங்க ஒரு தட்டுகூடத் தரமாட்டாங்க, அந்த மண்ணுலயே பலகாலமா நின்னதுக்குத்தான் மதிப்புன்னேன். யோசிச்சான். யோசிக்கட்டும்னு எந்திரிச்சு வந்துட்டேன். பொறவு உங்க சங்கத்துக்குப் போன் போட்டு, பாக்க வர்றவரு ஆத்தங்கரை ஆளா இருந்தா நல்லா இருக்கும்னு ஒரு வார்த்தை சொன்னேன். நம்ம சனத்து ஆளு வந்தா எங்களுக்குப் பெருமைதானே?

சரி, காலைல உங்ககிட்ட என்ன சொன்னான்? வீடு கட்டுன காலத்துலேர்ந்து அதே எடத்துல நிக்குதா? அறுபது வருசமாவா? இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி, காது குளிரட்டும். பேப்பர்காரன் கேமராவுக்கு முன்னாடியேவா சொன்னான்! என் ராசா.

நீங்க எனக்காக ஒண்ணும் பேச வேணாம். மத்தியானம் சர்ச்சு மண்டபத்துல அவன மேடைக்குக் கூப்பிட்டு, அதையே எல்லாருக்கும் சொல்ல வைங்க. மொத வரிசைல ப்ளூம் இருப்பாரு, கேக் உண்டுன்னு நான்தான் வரச்சொன்னேன். நர்சரி பில்லுக் கதைய அவரு தன் காதால கேட்டவரு. பக்கத்துலயே கெழட்டு ஆட்டிடையனுங்க ஒக்காந்திருப்பாங்க, அரைமனுசன் எந்தப் பக்கம் சாய்வான்னு அவங்களுக்குத் தெரியும், விடுதில வேலையும் பாக்கலயே. அவன் சொல்லி முடிச்சதும், அப்ப ஏன் தம்பி அது தெக்க பாக்குதுன்னு நீங்க அவன ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அவ்வளவுதான். பொறவு பரிச எனக்குக் குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன.

சேரு எதுக்கா? அவன் வாசல்லேர்ந்து இந்த மேடு வரைக்கும் போட்டிருக்கேன். அன்னிக்குச் சிரிச்சவங்க எல்லாரும் ஒக்காந்து நல்லாப் பாக்கட்டும். தோண்டுனவனே தோண்டி, தூக்குனவனே தூக்கிட்டு வரணும். குழிய விடியக்காலைலயே கொத்தி வச்சிட்டேன், தலை சாயவேண்டிய வடக்குப் பக்கம் அடையாளத்துக்குக் கல்லும் வச்சிட்டேன்.

முள்ளா? ஆமா தம்பி, குத்தும். அவன்கிட்ட வலது கைக்கு மட்டுந்தான் கையுறை இருக்கு, எடது இந்தா, என் மடியில இருக்கு. கடைல தொங்குனது பூராவும் நேத்தே நான் வாங்கிட்டேன்.