பதினெட்டு டொலர் வீம்பு

– ஏனுங்கண்ணா, ஏணி ஆடுதுங்க. மொதல்ல கீழ எறங்குங்க.

– ஆடட்டும். இறங்கினா மட்ச் தெரியாது. வேலி முழுக்கப் பச்சைத் துணி கட்டிப்போட்டாங்கள், பாக்கிறீரெல்லோ? நீர் ஏணியின்ர காலைக் கொஞ்சம் பிடியும். அட, நீர் தமிழே! நான் தமிழெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?

– ரெஃபரிய ‘மூதேவி’ன்னு திட்டுனீங்களே, கார் பார்க் வரைக்கும் கேட்டுச்சுங்க.

– கேக்கட்டும். வெரிபீயில, இந்தக் கிரவுண்டுக்குள்ள, என்னையும் என்ர குடும்பத்தையும் விட்டா ஒருத்தருக்கும் தமிழ் விளங்காது. அந்தத் துணிவிலதான் ஒன்பது வருசமாக் கத்துறன். நான் சிவபாதசுந்தரம். உம்மட பேர்?

– மகாதேவனுங்க. சொந்த ஊரு கோபிச்செட்டிபாளையம். இப்ப கேரம் டவுன்ஸ்ல இருக்கோமுங்க.

– கேரம் டவுன்ஸோ! சிவா விஷ்ணு கோயிலடி! அங்க பாரும், கடவுளைப் பாக்க ஒரு சதம் கேக்கிறேல்லை. கார் விடுறதும் சும்மா. வெள்ளிக்கிழமையில சோறும் போடுவினம். இஞ்ச இருவத்திரண்டு பெட்டையள் பந்தடிக்கிறதைப் பாக்கப் பதினெட்டு டொலர்!

– அதத்தானுங்க நானும் பார்த்தேன். புள்ளைய எறக்கி விட்டுட்டு, கேட்டுல போர்டைப் பார்த்தேன், அப்படியே யூ டர்ன் அடிச்சு வெளிய வந்துட்டேன். அங்க எங்க பக்கம் கூடப் பன்னெண்டுதானுங்க.

– நல்ல வேலை செய்தனீர். மானமுள்ள மனுசன். கேளும், முந்தி இஞ்ச அஞ்சு டொலர். ஒரு வாளி வைச்சிருப்பினம், அதுக்குள்ள போட்டிட்டுப் போவம். பிறகு பத்தாச்சு. இப்ப பதினெட்டு. அதுவும் காசாக் குடுத்தா வாங்க மாட்டினம். காட் தட்டவேணும். தட்டினதுக்கும் இருவத்தஞ்சு சதம்!

– கொள்ளைங்க.

– பகல் கொள்ளை! உள்ளுக்க நிக்கிற எண்பது பேரும் ஆர்? விளையாடுற பிள்ளையளின்ர தாய் தேப்பன்மார். வேற ஆர் இந்தக் குளிருக்குள்ள வரப்போகினம்? பிள்ளைக்கு ஃபீஸ் எண்ணூறு கட்டு, சப்பாத்து வாங்கு, கிழமைக்கு மூண்டு தரம் பிராக்டிஸுக்குக் கூட்டிக்கொண்டு போ. கடைசியில அதே பிள்ளையைப் பாக்கிறதுக்குப் பதினெட்டுக் கட்டு. நியாயமே?

– நியாயமே இல்லீங்க. ஆமா, இந்த ஏணி எவ்வளவுங்க?

– எண்பத்தொன்பது.

– அப்ப அஞ்சு டிக்கெட்டுங்களே!

– இது செலவில்லை, தம்பி. இது கொள்கை.

– சரிங்க.

– போன கிழமை ஏணியை இறக்கப் புல்லுக்கு மேல காரை விட்டனான். கவுன்சில்காரன் ஃபைன் எழுதிப்போட்டான். அதுவும் கொள்கைதான்.

– அது எவ்வளவுங்க?

– அதை விடும். கேற்றில ஒரு மனிசி கதிரை போட்டு இருக்கிறா, கண்டனீரே? கறுப்புக் கண்ணாடி, கையில காட் மெஷின்.

– பார்த்தேனுங்க. கொஞ்சம் கடுகடுன்னு இருந்தாங்க. சிரிச்சாக்கூட அதுக்குத் தனியா சார்ஜ் பண்ணுவாங்க போல.

– அவ என்ர மனிசி.

– ஐயய்யோ, மன்னிச்சுக்குங்கண்ணா.

– ஏன் மன்னிப்பு? சரியாத்தானே சொன்னனீர். கிளப்பின்ர பொருளாளர் அவதான். விலையைக் கூட்டவேணும் எண்டு பொதுக்கூட்டத்தில எழும்பிச் சொன்னதும் அவதான். முழுச் சனமும் கையைத் தூக்கிச்சு. நான் ஒருத்தன்தான் மாட்டன் எண்டனான்.

– சம்சாரத்துக்கு எதிராவா? துணிச்சல்காரருங்க நீங்க.

– அதோட நிப்பாட்டி இருக்கலாம். எழும்பி நிண்டு, எல்லாருக்கும் முன்னால, திரும்ப அஞ்சு டொலர் ஆகும்வரைக்கும் இந்தக் கேற்றுக்குள்ள கால் வைக்க மாட்டன் எண்டு இங்கிலீசில சபதம் செய்துபோட்டன். தமிழில சொல்லியிருந்தா ஒருத்தருக்கும் விளங்கியிருக்காது, பிறகு மாத்தியிருக்கலாம்.

– வீட்டுல ஒண்ணும் சொல்லலீங்களா?

– வீட்டில அவ தங்கம். புட்டு அவிச்சுத் தருவா, முதுகுக்கு எண்ணெய் தேய்ச்சு விடுவா. கேற்றடிக்கு வந்தா என்னை ஆரெண்டே தெரியாது. ‘எய்ட்டீன் டொலர்ஸ் பிளீஸ்’ எண்டுவா. முப்பத்தொரு வருசக் கலியாணம்!

– உங்க பொண்ணும் இங்கதான் வெளையாடுதுங்களா?

– இல்லாட்டி எனக்கென்ன விசரே ஏணியில நிக்க? அங்க பாரும், பச்சை உடுப்பு, கோல் காக்கிறவள். பிரியந்தினி. பதின்மூண்டு வயசில துவங்கினவள். எட்டு வருசம் நான் கோலுக்குப் பின்னால நிண்டு தமிழில சொல்லிக் குடுப்பன். இடப்பக்கம் பாய், முன்னுக்கு வா, அந்தக் கட்டைப் பெட்டையை நம்பாதே எண்டு. எதிர்ப் பக்கத்துக்கு ஒரு மண்ணும் விளங்காது. ஒருக்கா ரெஃபரி வந்து, நான் தேவாரம் பாடுறனோ எண்டு கேட்டவன்.

– இந்த வருசம்?

– இந்த வருசம் வேலிக்கு வெளியால. அவளும் பந்தை விட்டு விட்டு, கிளப் அடிமட்டத்துக்கு வந்திட்டுது. இண்டைக்குத் தோத்தா கீழ் லீக்குக்கு இறங்கவேணும். சமநிலை எண்டாத் தப்பும். இப்ப ஒண்டுக்கு ஒண்டு. அதோட... 

– சொல்லுங்கண்ணா.

– அதோட இது அவளுக்குக் கடைசி மட்ச். திங்கக்கிழமை நாட்டின்ர வடக்குக் கோடிக்கு, டார்வினுக்குப் போறாள். ஆஸ்பத்திரியில நேர்ஸ் வேலை. இனி எப்ப பாக்கிறது? இடைவேளைக்குப் பிறகு அவளின்ர கோல் அந்தத் தொங்கலுக்கு, மற்றக் கோடிக்குப் போயிட்டுது. காத்தும் எதிர்க்காத்து. கத்திக் கத்தித் தொண்டையும் கட்டிப்போச்சு, கேக்கிறீரெல்லோ, தகரத்தில ஆணி இழுத்த மாதிரி.

– பேசாமப் பதினெட்டக் கட்டிட்டுப் போயிருங்கண்ணா.

– கட்டினா, அந்த மெஷினைத் தட்டேக்க அவ ஒரு சிரிப்புச் சிரிப்பா. அதைத் தாங்கேலாது. இந்தாரும், மேல ஏறி ஒருக்காப் பாரும். மஞ்சள் உடுப்பு ஒன்பதாம் நம்பரைத் தெரியுதோ?

– தெரியுதுங்க. நல்லாத் தெரியுது.

– அந்தப் பெட்டைதான் எங்களுக்கு எமன். என்ன ஓட்டம்! என்ன அடி! ஆரோ நல்லாத்தான் வளத்திருக்கினம்.

– ரொம்ப நன்றி... ரொம்ப நல்லா வெளையாடுதுன்னு சொல்ல வந்தேனுங்க.

– ஆனா ஒரு பிழை இருக்கு. கிட்ட வாரும், ரகசியம். அவையின்ர மட்ச் பதினொண்டை நான் வீட்டில இருந்து வீடியோவில பாத்தனான். பெனால்ரி அடிக்க முன்னம் அந்தப் பெட்டை ஒரு காலின்ர சொக்ஸை மேல இழுக்கும். எந்தக் காலை இழுக்குதோ, அந்தப் பக்கம்தான் பந்து போகும்.

– சாக்ஸா?

– சொக்ஸ்.

– ஒவ்வொரு தடவையுமா?

– பதினொரு மட்ச், ஏழு பெனால்ரி, ஏழும் அப்பிடித்தான். அதுக்கே தெரியாது. பயிற்சி குடுக்கிறவனுக்கும் தெரியாது. உலகத்தில எனக்கும் இப்ப உமக்கும்தான் தெரியும்.

– அடக் கடவுளே. அண்ணா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமுங்க.

– பிறகு சொல்லும். இறங்கும், இறங்கும், மனிசி வாறா! முகத்தைக் கல்லு மாதிரி வைச்சிரும்.

– இஞ்சேருங்கோ, இன்னும் இந்த ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?

– பொது ரோட்டு. ஏணி என்ர. உமக்கென்ன யோகராணி?

– எனக்கொண்டுமில்லை. இடைவேளையில பிள்ளை கேட்டவள், அப்பா உள்ளுக்க வந்திட்டாரோ எண்டு.

– நீர் என்ன சொன்னனீர்?

– வேலிக்கு மேலால ஒரு தொப்பி தெரியுது, அதுதான் அப்பா எண்டு சொன்னன்.

– அழுதவளோ?

– அழேல்லை. தொப்பியைப் பாத்துக் கையைக் காட்டினவள். நீங்கள் காணேல்லை, அந்த நேரம் ரெஃபரியைப் பேசிக்கொண்டு நிண்டியள். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு கோலுக்குப் போயிட்டாள்.

– சரி. மட்ச் முடியிற நேரமாச்சு. கால்வாசி விலைக்குத் தாரும், வாறன்.

– அப்பிடி ஒரு விலை இல்லை.

– பென்சன்காரருக்கு?

– பத்து டொலர். ஆனா உங்களுக்கு வயசு காணாது. கலியாணம் பேசேக்க உங்கட அம்மா சொன்ன வயசு உண்மையெண்டா.

– தம்பிக்கு முன்னால இதெல்லாம் என்னத்துக்கு?

– கேளுங்கோப்பா. எனக்கென்ன ஆசையே? ரெஃபரிக்குக் குடுக்கவேணும், இன்சூரன்ஸ் இரண்டு மடங்காப் போச்சு, லைற்றுக்கு வந்த பில்லைப் பாத்தா உங்களுக்குத் தலை சுத்தும். நான் விலையைக் கூட்டாட்டி இந்த வருசம் கேற்றைப் பூட்டியிருப்பினம். பிறகு எங்க நிண்டு பிள்ளையைப் பாக்கிறது? சொந்த மனுசனைச் சும்மா விட்டனெண்டா நாளைக்கு ஆர் என்னை மதிக்கிறது?

– எனக்காக நீராக் கட்டியிருக்கலாமே?

– கட்டினனான். சீசன் துவங்கேக்கயே உங்கட பேரில ஒரு சீசன் ரிக்கெற் எடுத்துக் கொண்டந்து தந்தன். கிழிச்சுக் குப்பையில போட்டது ஆர்?

– அது... அது அப்ப கோவத்தில.

– அம்மா, அண்ணா, நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. உள்ள விசில் அடிச்சாங்க. ஏதோ கூச்சல் கேக்குது.

– தள்ளும், நான் ஏறிப் பாக்கிறன். ஐயோ! ஐயோ யோகம்! பெனால்ரி! எங்கட பெட்டை ஒண்டு கையில பந்தை வாங்கிப்போட்டுது!

– எத்தினை நிமிசம் கிடக்கு?

– நேரம் முடிஞ்சுது, இதுதான் கடைசி அடி! ஒன்பதாம் நம்பர் பந்தை எடுக்குது. பிரியந்தினி... பிரியந்தினி வேலிப் பக்கம் பாக்கிறாள். என்னைத்தான் தேடுறாள்.

– அப்ப என்ன செய்யப்போறியள்?

– எவ்வளவு?

– பதினெட்டு.

– சிரிக்கக் கூடாது.

– நான் சிரிக்கேல்லை.

– வாய் ஓரத்தில சிரிக்கிறீர்! பரவாயில்லை, சிரியும். சபதமும் மண்ணும், என்ர பிள்ளை தனிய நிக்கிறாள். இந்தாரும் காட். இரண்டு ஆளுக்கு எடும்.

– இரண்டாவது ஆர்?

– இந்தத் தம்பி. எனக்குத் தொண்டை போச்சு, கத்தினாக் காத்துத்தான் வருது. நல்ல கணீரெண்ட குரல் அவருக்கு. நான் சொல்லச் சொல்ல அவர் கத்துவார்.

– அண்ணா, நான் வேண்டாமுங்க. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க, நான் வந்து...

– காசுக்குத்தானே யோசிக்கிறீர்? நான் கட்டுறன். வெக்கப்படாதையும்.

– இவர் எந்தப் பக்கம்? வந்த அணி ஆக்களெண்டாலும் அதே பதினெட்டுத்தான், சொல்லிப்போட்டன்.

– என்ன கேள்வி யோகம் இது? தமிழாள்! எங்கட பக்கம் இல்லாமல் வேற எந்தப் பக்கம்?

– முப்பத்தாறு. காட்டுக்கு ஐம்பது சதம்.

– அதுவுமோ! எடும், எடும்!

– நில்லுங்கோ, ரிசீற்.

– ரிசீற்றை நீரே வைச்சிரும், சட்டம் போட்டு மாட்டுறதுக்கு! ஓடிவாரும் தம்பி, பந்தைப் புள்ளியில வைச்சிட்டுது!

– அண்ணா, மூச்சு வாங்குதுங்க... கைய விடுங்க... ஒரு நிமிசம் கேளுங்க, நான் கேரம் டவுன்ஸ்லேருந்து சும்மா வரலீங்க...

– தெரியும், தூரம்தான். திரும்பிப் போகேக்க பெற்றோல் காசும் தாறன். இதில நில்லும், கோலுக்கு நேர பின்னால. இதுதான் என்ர இடம்! பிள்ளை! பிள்ளை! ச்சா, குரல் வருகுதில்லை.

– உங்க பொண்ணு திரும்பிப் பார்த்துருச்சுங்க.

– பாத்திட்டாள்! சிரிக்கிறாள், கண்டனீரே? அழுது அழுது சிரிக்கிறாள். ஒரு வருசம் வீணாக்கிப்போட்டன் தம்பி, பதினெட்டு டொலருக்காக. சரி, கத்தும். ‘பிரியந்தினி, அவளின்ர சொக்ஸைப் பார்! எந்தக் காலை இழுக்கிறாளோ அந்தப் பக்கம் பாய்!’ எண்டு கத்தும். பயப்பிடாதையும், இஞ்ச ஒருத்தருக்கும் தமிழ் விளங்காது.

– அண்ணா, என்னைய மன்னிச்சிருங்க.

– மன்னிப்பு என்னத்துக்கு? பெட்டை குனியப்போகுது! கத்தும்! நெஞ்சைத் திறந்து கத்தும்!

– அக்ஷரா! அப்பா சொல்றேன் கண்ணு, சாக்ஸத் தொடாத! இந்த அங்கிள் கண்டுபுடிச்சிட்டாரு!