ரயில்வே கேட்டில் ஒரு கட்டைவிரல்

உடையார்பாளையத்திலிருந்து அரியலூர் போன பஸ், ரயில்வே கேட்டில் நின்றுவிட்டது. எழுபதுகளின் கடைசி. எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். அப்பா நிலத்தில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, ரிஜிஸ்தர் ஆபீஸில் கைநாட்டு வைக்கப் போகிறாள் அக்கா என்பது அதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்திருந்தது. தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து எழுந்து தண்டவாளத்தைப் பார்த்தான்.

"ஏன்டா, இதுக்குக் கட்டைவிரல்னு யாரு பேரு வச்சது?" என்றாள் அக்கா.

"குட்டையா, கட்டையா இருக்குல்ல, அதான். இப்ப எதுக்கு அது?"

"மத்த விரலு ரெண்டுக்குச் செய்யிற வேலைய வச்சுப் பேரு. ஆள்காட்டி, மோதிர விரலுன்னு. எல்லா வேலைக்கும் கூட நிக்கிற இதுக்கு மட்டும் உருவத்த வச்சா?"

"பத்திரம் எழுதுறவரு பெருவிரல்னுதான்க்கா எழுதியிருக்காரு. பெரிய விரலுன்னு அர்த்தம்."

"வூட்டுல கட்ட, ஆபீசுல பெருசாக்கும். நீயும் இன்னைக்குத்தான் வாய் நெறைய அக்காங்குற."

ரயில் கடந்து போனது. கேட் திறக்கும்போது தம்பி அவள் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். இரண்டு கட்டைவிரல் நுனியும் கருத்து, தோல் உரிந்திருந்தது.

"முந்திரி உடைக்கப் போவாதன்னு அத்தன தடவ சொன்னேன். அந்த ஓட்டுல உள்ள எண்ணெ பட்டா தோலு வெந்து ரேகை விழாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டா," என்றாள். "அதான் இந்த வாரம் பூரா உடைச்சேன்."